பீப்பாய்களுக்கு இழவு சொல்லப் போனவர்

எங்கள் வீட்டில் எந்தச் சுவிட்சுக்கும் பெயர் எழுதியிருக்காது. எது எதற்கு என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரிய வேண்டும் என்பது என் மாமனார் அலோய்ஸின் கட்சி. நாலு தலைமுறையாக ஒரே குடும்பம் வைன் செய்கிற வீட்டில் பெயர் எழுதி ஒட்டுவது அவருக்கு மானக்கேடு. நான் கலியாணம் கட்டி வந்த புதிதில் முற்றத்து விளக்கைப் போடப் போய்த் திராட்சை பிழியும் இயந்திரத்தை ஓடவிட்டேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிழமை முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் பெயர் வெரோனிக்கா. ஜேர்மனியின் பான் நகரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெட்டை. மோசல் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், மலைச் சரிவில் திராட்சையும் வீட்டுக்கு அடியில் நிலவறையுமாக வாழும் இந்தக் குடும்பத்தின் ஒரே மகன் மார்க்குஸைக் கட்டிப் பன்னிரண்டு வருடமாகிறது. மாமியாரை மனதுக்குள் மாமி என்றும் வாயால் இர்ம்கார்ட் என்றும் கூப்பிடுவேன். வாயைத் திறந்து அதிகம் பேசாத மனுசி. அதற்கும் சேர்த்து அலோய்ஸ் பேசிவிடுவார்.

சமையலறைக் கதவோரம் இரண்டு சுவிட்ச் இருக்கிறது. ஒன்று விளக்குக்கு. மற்றது கீழே நிலவறையில் ஓடும் பெரிய விசிறிக்கு. ஐப்பசி பிறந்தால் பிழிந்த சாறு பீப்பாய்களில் நொதிக்கத் தொடங்கும். அப்போது ஒரு வாயு கிளம்பும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடப் பாரமானது என்பதால் வெள்ளம் போல நிலத்தோடு தேங்கி நிற்கும். அது நிறைந்த நிலவறைக்குள் இறங்கியவர் என்ன நடக்கிறது என்று அறியுமுன்பே விழுந்துவிடுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் பக்கத்தில் விழுவார். அப்பனும் மகனும் ஒன்றாகப் போன கதைகளைச் சொல்லிச் சொல்லித்தான் அலோய்ஸ் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார். அதனால் அறுவடை தொடங்கி நொதிப்பு அடங்கும்வரை விசிறி இரவு பகலாக ஓடும். அதன் உறுமல் வீடு முழுக்கக் கேட்கும், சமையலறையில் இன்னும் பலமாகக் கேட்கும். பழகிய காதுக்கு அது கேட்பதில்லை.

போன ஐப்பசியில், அறுவடையின் நடுவில், காலைக் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்த அலோய்ஸ் கதிரையிலேயே சரிந்தார். டொக்டர் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. திராட்சை வெட்ட வந்தவர்களை அனுப்பிவிட்டோம். அவரை நல்ல உடுப்புப் போட்டுச் சமையலறைக்கு அடுத்த பெரிய அறையில் கிடத்தினோம். மறுநாள் பின்னேரம் பெட்டி கோயிலடிக்குப் போவதாக ஏற்பாடு.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் இறந்தால், பெட்டி வாசலைத் தாண்டுமுன், அடுத்ததாகப் பொறுப்பெடுக்கிறவர் நிலவறைக்கு இறங்கி ஒவ்வொரு பீப்பாயையும் விரல் முட்டியால் தட்டிச் செய்தி சொல்ல வேண்டும். "அலோய்ஸ் போய்விட்டார். இனி நான்." சொல்லாமல் விட்டால் வைன் கோபித்துப் புளித்துவிடும் என்பார்கள். போகிறவர் வெறுங்கையோடுதான் போக வேண்டும். எடுக்க வரவில்லை, சொல்ல மட்டும் வந்திருக்கிறோம் என்பது பீப்பாய்க்குத் தெரிய வேண்டுமாம். மேல்படியில் ஒருவர் நின்று தட்டும் சத்தம் கேட்க வேண்டும். எங்கள் ஆட்கள் செத்தவீடு சொல்ல ஊரெல்லாம் ஆள் விடுவார்கள், இவர்கள் பீப்பாய்க்கு ஆள் விடுகிறார்கள் என்று முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மார்க்குஸ் சிரிக்கவில்லை. மற்ற எதிலும் விஞ்ஞானம் பேசுகிற மனிதர் இதில் மட்டும் வாயே திறப்பதில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா பிளோறன்ஸும் தம்பி றெக்ஸும் பானிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். அம்மா ஒரு செத்தவீட்டுக்குள் கால் வைத்தால் அது அவருடைய செத்தவீடாக மாறிவிடும். பிட்டு, சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி என்று சட்டி சட்டியாகக் கொண்டுவந்திருந்தார். இர்ம்கார்ட் விருந்தாளிகளுக்குக் கோப்பி போட எழுந்தபோது ஓடிப்போய்க் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த ஜேர்மன் சொல்லால் வேண்டாம் என்று தடுத்தார்.

"நைன், நைன்! செத்தவீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது. வெரோனி, மாமிக்குச் சொல்லு பிள்ளை."

நான் மொழிபெயர்த்தேன். இர்ம்கார்ட் திரும்ப உட்கார்ந்தார். அவருக்கு என் அம்மாவில் ஒரு விருப்பம். தன்னால் அழ முடியாததை எல்லாம் அந்த மனுசி அழுது தீர்க்கிறார் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு அம்மா எல்லாரையும் அலோய்ஸைச் சுற்றி இருத்திச் செபமாலை தொடங்கினார். தமிழில்தான். இர்ம்கார்டும் தன் செபமாலையை எடுத்து உருட்டினார். இடையில் அம்மா ஒருதரம் எழும்பிச் சமையலறைப் பக்கம் போய் வந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீடு நல்ல அமைதியாக இருந்தது. அம்மாவின் குரலும் றெக்ஸின் பதிலும் மட்டும் கேட்டன. அலோய்ஸ் இல்லாத வீடு இனிமேல் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவர் காலையில் படியிறங்கும் தடதடப்பு, பக்கத்துத் தோட்டக்காரரைத் திட்டும் சத்தம் எல்லாம் ஞாபகம் வர, எனக்கு அப்போதுதான் முதல்முறையாக அழுகை வந்தது. அந்த மனிதரில் எனக்கு அவ்வளவு அன்பு இருந்தது என்று எனக்கே தெரியாது.

செபமாலை முடிந்தும் அம்மா நிறுத்தவில்லை. மன்றாட்டுமாலை, ஆன்ம இளைப்பாற்றி மன்றாட்டு என்று போய்க்கொண்டே இருந்தார். மார்க்குஸ் மெதுவாக என் தோளைத் தொட்டார்.

"பெட்டிக்காரர் வந்துவிடுவார். நான் கீழே போய் வருகிறேன். நீ மேலே நில்."

கறுப்புக் கோட்டும் பளபளத்த சப்பாத்துமாகப் போனார். வாயு கூடினால் கத்துகிற சின்னக் கருவி ஒன்று அவருடைய இடுப்பில் எப்போதும் இருக்கும். அதைக் கழற்றி நிலவறைக் கதவின் கொளுவியில் மாட்டிவிட்டு, வெறுங்கையை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டு இறங்கினார். நான் மேல்படியில் நின்றேன்.

பதினொரு பீப்பாய்கள், எல்லாம் பழைய ஓக் மரம். முதலாவதில் டொக் டொக் டொக். பிறகு அவருடைய குரல். இரண்டாவது. மூன்றாவதில் குரல் தழுதழுத்தது. நாலாவது தாமதித்து வந்தது. ஐந்தாவதில் தட்டினார், பேச்சு குழறி முணுமுணுப்பாக வந்தது. அழுகிறார், அழட்டும் என்று நின்றேன். அப்பனை இழந்த மனிதர் தனியாக அழுவதற்கு அந்த இடத்தைவிட நல்ல இடம் எது.

பிறகு ஏதோ பாரமாக விழுந்த சத்தம் கேட்டது.

"மார்க்குஸ்?"

நான் ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டேன். அப்போதுதான் என் காதுக்கு உறைத்தது. உறுமல் இல்லை. அது எவ்வளவு நேரமாக இல்லை என்பதும் சேர்ந்து உறைத்தது. எனக்குப் பிடித்திருந்த அந்த அமைதி அலோய்ஸ் போனதால் வந்தது இல்லை.

சமையலறைக்கு ஓடினேன். விசிறி சுவிட்ச் நிறுத்தியிருந்தது. போட்டுவிட்டுத் தீயணைப்புக்குத் தொலைபேசி அடித்துக்கொண்டே திரும்பி ஓடி வந்தபோது, நான் கத்தியதைக் கேட்டு றெக்ஸ் கதவடிக்கு வந்து உள்ளே பாயப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் குறுக்கே விழுந்தேன்.

"விடக்கா! அத்தான் கீழை கிடக்கிறார்!"

"போனால் நீயும் கிடப்பாய்! பின்னாலை ஓடு. முற்றத்திலை நிலவறைக்கு ஒரு பலகைக் கதவு இருக்கு, அதை உடைச்சுத் திற. காத்து உள்ளை போகட்டும்!"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தான். அவனுடைய மணிக்கட்டைக் கடித்தேன். இரத்தம் வர, பிரமை பிடித்தவன் போல என்னைப் பார்த்தான், பிறகு முற்றத்துக்கு ஓடினான். அவன் பலகையை உடைக்கும் சத்தம் கேட்கும்போதே அம்மா வந்துவிட்டார்.

"நீயெல்லாம் ஒரு பொம்பிளையோ! புருசன் கீழை சாகிறான், தூக்கப் போற தம்பியை மறிச்சுக்கொண்டு நிக்கிறாய்! தள்ளடி, நான் போறன்!"

அம்மாவைத் தனியாகத் தள்ளிப்பிடிக்க எனக்குச் சக்தி போதவில்லை. அப்போது இர்ம்கார்ட் வந்தார். என் பக்கத்தில் வந்து நின்று கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் பெற்ற மகன் கீழே கிடந்தான், கட்டியவர் அடுத்த அறையில் கிடந்தார். அப்படி நின்ற முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எத்தனை தரம் செத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் கிராமத்துத் தீயணைப்புப் படை என்றால் வேறு யாருமில்லை, பக்கத்துத் தோட்டக்காரர்கள்தான். திராட்சைச் சாறு காயாத கையோடு சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஐந்தாவது பீப்பாய்க்கு முன்னால் ஒரு உயரமான கற்படி இருக்கிறது. மார்க்குஸ் அதன் மேல் குப்புற விழுந்திருந்தார். நிலத்தில் விழுந்திருந்தால் முடிந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். மேலே கொண்டுவந்தபோது முகம் நீலமாக இருந்தது. மூச்சு இருந்தது.

அன்று அந்த வீட்டிலிருந்து பெட்டி போகவில்லை, அம்புலன்ஸ்தான் போனது. அலோய்ஸின் அடக்கத்தை ஒரு கிழமை தள்ளி வைத்தோம். மார்க்குஸ் ஆஸ்பத்திரியில் கண் விழித்துத் தெளிவாகச் சொன்ன முதல் விசயம் இதுதான்.

"வீடு அமைதியாக இருந்தது, வெரோனிக்கா. அப்பா போனதால் அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பொலிசார் வந்து, விசிறியை யார் நிறுத்தியது என்று கேட்டார்கள். நான் தெரியாது என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாதுதான். இர்ம்கார்ட் நேராக நிமிர்ந்து சொன்னார். "நான் நிறுத்தினேன். செபத்துக்குச் சத்தமாக இருந்தது. பிறகு மறந்துவிட்டேன்." கணவன் இறந்த அதிர்ச்சி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்க மறந்தாலும் அந்த விசிறியை மறக்காத மனுசி அவர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காரை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"நீங்கள் நிறுத்தவில்லை."

ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"உன் அம்மா நிறுத்தினார். நான் பார்த்தேன். அடுப்புப் புகையை இழுக்கிற விசிறி என்று நினைத்துவிட்டார். அடுப்பே மூட்டாத நாளில் அது எதற்கு என்று அவருக்கு. பாவம், எவ்வளவு மெதுவாக வந்து நிறுத்தினார், தெரியுமா."

"ஏன் உடனே போடவில்லை?"

"செபம் முடியட்டும், போடுவோம் என்று இருந்தேன். நடுவில் எழும்பினால் உன் அம்மா மனம் நோவார். அதோடு..." என் பக்கம் திரும்பினார். "கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் இந்தச் சத்தம். அலோய்ஸின் பக்கத்தில் ஒருதரமாவது சத்தமில்லாமல் இருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். கண்ணை மூடியிருந்ததால் மார்க்குஸ் எழும்பிக் கீழே போனதைக் காணவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, வெரோனிக்கா. உன் அம்மாவுக்குத் தெரியாது. ஆகவே நான்தான். அவரிடம் சொல்லாதே, மார்க்குஸிடமும் சொல்லாதே."

சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் என் நரகம் தொடங்கியது.

மார்க்குஸ் வீட்டுக்கு வந்தார், தலையிடியும் மறதியும் கூடவே வந்தன. தாயோடு பேசுவதை நிறுத்தினார். திட்டினால்கூடப் பரவாயில்லை. "உப்பைத் தரவும்" என்று ஓட்டலில் சொல்வது போலச் சொல்வார். இர்ம்கார்ட் உப்பை எடுத்துக் கொடுப்பார். மிச்ச ஆறு பீப்பாய்களுக்கும் செய்தி சொல்லப்படாமலே கிடந்தது. போய்ச் சொல்லுங்கள் என்றால், "யாருக்கு வேண்டும் அந்தப் பைத்தியக்கார வழக்கம்" என்பார். பீப்பாய்களைப் பார்க்கக் கீழே போகிறவர் அந்த ஆறின் பக்கம் முகத்தைத் திருப்புவதே இல்லை.

அம்மாவோ உலகம் முழுக்கச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பானுக்குப் போயிருந்தபோது, கனடாவிலுள்ள தன் தங்கைக்குத் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டேன்.

"அந்த மனுசி புருசன் செத்த கவலையிலை விசிறியை நிப்பாட்டிப்போட்டு மறந்துபோச்சு. பெத்த பிள்ளையை எமன்ரை வாய்க்கை அனுப்பிற மாதிரி ஒரு விசர் வேலை. கேவலார் கோயில் மாதாதான் மருமோனைக் காப்பாத்தித் தந்தவ. வாற ஆடித் திருநாளுக்கு முழங்காலிலை போறதெண்டு நேர்ந்திருக்கிறன்."

என் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அம்மாவில் கோபமா, என்னில் கோபமா என்று பிரித்தறிய முடியவில்லை. கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். சொன்னால் அம்மா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஒரு தாயும் மகனும் ஒரே மேசையில் அந்நியராக இருப்பார்கள். என் அம்மாவுக்காக என் மாமி தண்டனை அனுபவிக்கிறார், நான் பார்த்துக்கொண்டு சோறு தின்கிறேன். சனியன் பிடித்த வாழ்க்கை.

அலோய்ஸ் இறந்து ஆறாம் கிழமையில் வைக்கும் நினைவுப் பூசை கார்த்திகைக் கடைசியில் வந்தது. நொதிப்பு அடங்கி விசிறி நிறுத்தியாயிற்று. சுவிட்சை மாற்றித் தானாக ஓடும் கருவி பூட்ட மின்சாரக்காரர் தை மாதத்தில்தான் நாள் தந்திருந்தார். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறையைக் கைப்பற்றினார். இனி அடுப்பு மூட்டலாம்தானே. அலோய்ஸுக்கு அம்மாவின் கட்லற் என்றால் உயிர், அதைத்தான் பொரித்தார். மார்க்குஸ், இர்ம்கார்ட், நான் மூவரும் சமையலறை மேசையில் இருந்தோம். றெக்ஸ் வேலை என்று வரவில்லை. எண்ணெய் காய்ந்து புகை எழும்பிக் கண் எரிந்தது.

"சரியான புகை," என்று இருமிக்கொண்டே அம்மா கதவோரம் போனார். "உந்தப் புகை இழுக்கிறதைப் போட்டுவிடுறன்."

நான் எழும்புமுன் கை சுவிட்சில் போய்விட்டது.

எங்கள் காலுக்குக் கீழே விசிறி உறுமத் தொடங்கியது. மேசையிலிருந்த கண்ணாடிக் குவளைகள் மெல்லக் கிணுகிணுத்தன. புகை நின்ற இடத்திலேயே நின்றது.

குவளையை எடுக்கப் போன மார்க்குஸின் கை பாதி வழியில் நின்றது. சுவிட்சைப் பார்த்தார், அதன் மேலிருந்த கையைப் பார்த்தார். பிறகு என் அம்மாவைப் பார்க்கவில்லை. தன் தாயைத்தான் பார்த்தார். இர்ம்கார்ட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா முட்டாள் இல்லை. தலையைச் சரித்துச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். நிலத்தைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறிப்போனதை நான் கண்ணால் கண்டேன்.

"வெரோனி," என்றார். "அண்டைக்கும் இதைத்தானே நான் நிப்பாட்டினனான்?"

தமிழ் தெரியாத இர்ம்கார்ட் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்கு இனிப் பொய் சொல்ல வலு இல்லை.

"ஓம் அம்மா."

"மாமி பாத்தவவோ?"

"ஓம்."

எதற்கும் அழுகிற அம்மா அப்போது அழவில்லை. அடுப்பை அணைக்க நான்தான் எழும்ப வேண்டியிருந்தது. விசிறியை நிறுத்தவும் கையைக் கொண்டுபோனேன்.

"நிறுத்தாதே," என்றார் மார்க்குஸ்.

எழும்பித் தாயின் கதிரைக்குப் பக்கத்தில் போனார். பிறகு குனிந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"மமா, வா. மிச்சத்துக்கும் சொல்லிவிட்டு வருவோம்."

இர்ம்கார்ட் எழும்பினார். ஆறு கிழமையாக நிமிர்ந்தே இருந்த முதுகு அப்போதுதான் வளைந்தது. இருவரும் கைகோத்துக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கினார்கள். வாயுக்கருவி மார்க்குஸின் இடுப்பில் இருந்தது. வழக்கத்துக்கு அது பிழை.

மேலே நின்று கேட்க ஒருவர் வேண்டும். நான் படியடிக்குப் போனேன். அம்மா வரவில்லை. சமையலறைக் கதவோரத்திலேயே நின்று அந்தச் சுவிட்சை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார். யாராவது வந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தவர் போல மற்றக் கையையும் அதன் மேல் வைத்தார்.

"இன்னும் எத்தினை?" என்று கேட்டார்.

"ஆறு."

கீழே தட்டும் சத்தம் கேட்டது. மார்க்குஸின் குரல், அதோடு சேர்ந்து இர்ம்கார்டின் குரல். ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் உதடு அசைந்தது. செபமா, எண்ணுகிறாரா, தெரியவில்லை. கடைசிப் பீப்பாயில் இர்ம்கார்ட் நெடுநேரம் ஏதோ பேசினார். பிறகு உறுமல் மட்டும் கேட்டது.

"முடிஞ்சுது அம்மா," என்றேன். "கையை எடுங்கோ."

அம்மா எடுக்கவில்லை.

"அவை மேலை வரட்டும்," என்றார்.